கர்ப்பச்செல் போக இருப்பு

நம் வீடுகளில் இருக்கும் பழைய ஜாதக நோட்டைப் புரட்டினால் தொடக்கத்திலேயே ஒரு வரி இருக்கும். கர்ப்பச்செல் போக இன்ன திசை இருப்பு இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள். பிள்ளை வெளியே வருவதற்கு முன்பே அந்தத் திசையில் ஒரு பகுதி கழிந்துவிட்டது, மீதிதான் கணக்கு என்று பொருள். என் வேலை என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். சுபாங்கில் ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனத்தில் டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் 17 வருடமாக இருக்கிறேன். ஸ்பானர் பிடிப்பதில்லை. ஹெலிகாப்டரில் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு இருப்பு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப நீ ஹெலிகாப்டருக்கு ஜோசியம் பாக்குறியா?" என்று ஒரு மாமா கேட்டார். கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம், இங்கே பரிகாரம் கிடையாது. இருப்பு முடிந்தால் பாகத்தைக் கழற்றி, இன்னொருவன் எடுத்து மாட்டிவிடாதபடி அறுத்துப் போட வேண்டும்.

பழைய கார் வாங்கும் முறை நமக்கு நன்றாகத் தெரியும். மீட்டரைப் பார்ப்போம், டயரை உதைப்போம், பானெட்டைத் திறந்து தெரிந்த மாதிரி தலையாட்டுவோம், புஸ்பாகோமுக்கு அனுப்புவோம். மீட்டரைத் திருப்பியிருப்பான் என்று தெரிந்தே வாங்குவோம். கார் வழியில் நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இந்தப் பழக்கத்தோடு ஹெலிகாப்டர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள். அடுத்து சீட்டு. பிறகு "மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" அந்தக் கேள்விக்கு வரும் பதிலால் பெரிய பயன் ஒன்றுமில்லை. உடம்பு 10,000 மணி நேரம் பறந்த ஹெலிகாப்டரில் போன மாதம் மாட்டிய இறக்கை இருக்கலாம். 2,000 மணி நேரம்தான் பறந்தது என்பார்கள், அதில் எல்லாமே முடியும் தறுவாயில் இருக்கலாம். நம்முடைய நூரி ஹெலிகாப்டர்களை நினைத்துப் பாருங்கள். 1968இல் விமானப் படையில் சேர்ந்தவை 2020வரை இருந்தன. பெயர் பழையது. உள்ளே சுழன்ற பாகங்களுக்கெல்லாம் வேறு வேறு பிறந்த தேதி.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டத்தோ செகண்ட் ஹேண்ட் ஹெலிகாப்டர் ஒன்று வாங்க நினைத்தார். தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க, வார இறுதியில் தீவுகளுக்கு ஆள் ஏற்றிப் போக. அவரிடம் பைலட்டாகச் சேர இருந்தவன் என் சித்தி மகன். அவன்தான் என்னை அவரிடம் கூட்டிப் போனான்.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்தப்பா இறந்த பிறகு வந்த ஈபிஎஃப் பணம், சுங்கை சிப்புட்டில் இருந்த வீட்டை அடகு வைத்த பணம் எல்லாம் சேர்ந்துதான் அவனுடைய வணிக ஹெலிகாப்டர் லைசென்ஸ். கையில் இருநூற்றுச் சொச்சம் மணி நேரம். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஆயிரம் மணி நேரத்தோடு வா என்கிறார்கள். அந்த ஆயிரத்தை எங்கே போய்ச் சேர்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. டத்தோவின் ஹெலிகாப்டர்தான் அவனுக்குத் தெரிந்த ஒரே வாசல். "அக்கா, நீங்க ஓகேன்னு சொன்னா அடுத்த மாசமே வாங்கிருவாரு" என்றான். அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

டத்தோ முதலில் காட்டியது ஒரு ராபின்சன் ஆர்44. அதன் கணக்கு எளிது. 2,200 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மொத்தமாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும். அந்தச் செலவு, புதிதாக ஒன்று வாங்கும் விலையில் ஏறக்குறைய பாதியைத் தொடும். விற்பவர் பெரிய எழுத்தில் "890 மணி நேரம் மிச்சம்" என்று போட்டிருந்தார். பொய்யில்லை. ஆனால் போன ஓவர்ஹால் முடிந்து 10 வருடம் 8 மாதம் ஆகியிருந்தது. 16 மாதம்தான் பாக்கி. டத்தோ வருடத்துக்கு 200 மணி நேரம் பறந்தால் அதற்குள் 270 மணி நேரம்கூடத் தீராது. 890க்குக் காசு கொடுத்து 270ஐ வாங்கிக்கொண்டு, மீதியைக் காலண்டருக்குத் தானம் கொடுக்க வேண்டும். வியாபாரி அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டார். "பால் டின் மாதிரி. உள்ள நெறைய இருக்கு, டேட்டுதான் முடியப் போவுது" என்றார்.

இரண்டாவதாக வந்தது பெல் 206, ஜெட்ரேஞ்சர். வெளிநாட்டு ஹேங்கர் ஒன்றில் நின்றது, விலை மலிவு. ஆர்44ஐ ஒரே வயதுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பறை என்று வைத்துக்கொண்டால் ஜெட்ரேஞ்சர் ஒரு கூட்டுக் குடும்பம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு. பிரதான ரோட்டர் பிளேடுக்கு 5,000 மணி நேரம். எஞ்சின் உள்ளே இருக்கும் முதல் இரண்டு டர்பைன் சக்கரங்களுக்குப் பொதுவாக 1,775 மணி நேரம் அல்லது 3,000 ஸ்டார்ட். பின்னால் உள்ள இரண்டு சக்கரங்களுக்கு 4,550 மணி நேரம் அல்லது 6,000 ஸ்டார்ட். இப்படிப் போகும் பட்டியல். சில பாகங்களுக்கு மணி நேரம், சிலவற்றுக்கு வருடம், சிலவற்றுக்கு இரண்டும். பெல்லின் சில மாடல்களில் எத்தனை முறை பாரம் தூக்கியது என்பதற்கே தனி எண்ணிக்கை வைத்துக் கழிக்கிறார்கள். நாள் முழுக்க மரக்கட்டை தூக்கிய ஹெலிகாப்டரின் ஒரு மணி நேரமும், சுற்றுலா போன ஹெலிகாப்டரின் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல.

இந்த வரம்பெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று டத்தோ கேட்டார். நல்ல கேள்வி. விமானத் துறையில் வேலை செய்பவர்களே பலர் கேட்பதில்லை. ஜெட்ரேஞ்சரின் பெரிய இறக்கை நிமிடத்துக்கு 394 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முன்னே போகும்போது ஒரு விசை, பின்னே வரும்போது வேறு விசை, பிளேடு வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 23,640 தடவை. 5,000 மணி நேரத்தில் 118 மில்லியன். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். தயாரிப்பாளர்கள் சில பாகங்களைச் சோதனைக்கூடத்தில் உடையும்வரை ஆட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டு, அதிலிருந்து வெகு தூரம் பின்னே வந்து ஒரு கோடு போடுகிறார்கள். பாகம் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும்போதே அதைத் தூக்கிப் போடச் சொல்வது அதனால்தான். உடைகிற வரைக்கும் அதன் முகத்தில் எதுவும் தெரியாது.

எல்லா பாகமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1978இல் நவ்லான், ஹீப் என்ற இருவர் யுனைடெட் ஏர்லைன்ஸ் அனுபவத்தை வைத்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் வயதாக ஆகத் தெளிவாகத் தேய்ந்து பழுதாகிறவை சிறுபான்மைதான். புதிதாகப் பொருத்திய கொஞ்ச காலத்தில் பழுதாகும் வாய்ப்பு கூடுதலாக இருப்பவைதான் அதிகம். எங்கள் ஹேங்கரில் இருக்கும் கிழட்டு எஞ்சினியர்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள்: "நேத்து ஓவர்ஹால்லேருந்து வந்தத நம்பாத, நூறு மணி நேரம் ஓடட்டும்." ரேடியோ, பம்ப், ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஆனால் சுழலும் இறக்கையைப் பிடித்திருக்கும் உலோகத்துக்கு யாரும் இந்தத் தத்துவத்தைப் பேச மாட்டார்கள். அங்கே எண் முடிந்தால் முடிந்ததுதான்.

ஜெட்ரேஞ்சரின் பதிவேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டு வந்தன. ஆயிரத்து எண்ணூறு பக்கங்களுக்கு மேல். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு கிள்ளானில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று வாரம் படித்தேன். ரெக்கார்ட்ஸ் படிப்பது நாவல் படிப்பது மாதிரி என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு ஹெலிகாப்டர் எந்த ஊரில் இருந்தது, எந்த வருடம் காசில்லாமல் நிறுத்தி வைத்தார்கள், எந்த எஞ்சினியருக்குப் பொறுமை இருந்தது, யாருக்கு இல்லை என்பதெல்லாம் கையெழுத்திலேயே தெரியும். மழைக்காலத்தில் பக்கத்தில் ஈரம் பட்ட கறைகூட ஸ்கேனில் வந்திருந்தது.

பிளேடு 3,900 ஓடியிருந்தது, 1,100 மிச்சம். டத்தோ வருடத்துக்கு 300 என்று கணக்குப் போட்டால் மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே. பரவாயில்லை. டர்பைன் சக்கரத்துக்கு வந்தேன். 1,165 மணி நேரம் ஓடியிருந்தது, 610 மிச்சம், இரண்டு வருடம் வரும். விற்பவர் இதைத்தான் விளம்பரத்தில் போட்டிருந்தார். ஆனால் ஸ்டார்ட் எண்ணிக்கை 2,720. மூவாயிரத்துக்கு 280தான் பாக்கி. அதாவது அந்த எஞ்சின் சராசரியாக 26 நிமிடத்துக்கு ஒரு தரம் அணைந்து மறுபடி எரிந்திருக்கிறது. யாரோ கடற்கரையில் வைத்து ரவுண்டு அடித்துக் காட்டியிருக்கிறார்கள். டத்தோவின் தீவுப் பயணமும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 700 ஸ்டார்ட். 280 என்பது ஐந்து மாதம்கூட வராது. ஒரு மணி நேரத்தை இரண்டு விதமாக எண்ணலாம் என்பதும், விற்கிறவர் எப்போதும் தனக்குச் சாதகமானதைத்தான் எண்ணுவார் என்பதும் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

இதுவரைக்கும் எல்லாம் பேரம் பேசி முடிக்கக்கூடியவை. ஒவ்வொரு பாகத்துக்கும் மிச்சம் இருக்கும் பங்கை அதன் புது விலையால் பெருக்கி, கூட்டி, கேட்கிற விலையோடு ஒப்பிட்டு, "இவ்வளவு குறை" என்று கேட்கலாம். பிரச்சினை ஆயிரத்துச் சொச்சமாவது பக்கத்தில் வந்தது.

ரோட்டர் பிளேடை நடுவில் இருக்கும் ஹப்போடு பிடித்து வைத்திருக்கும் பாகத்துக்கு கிரிப் என்று பெயர். பிளேடு பறந்துபோகாமல் இருப்பது அதன் தயவில். இதற்கும் ஆயுள் வரம்பு உண்டு, பிறந்த நாளிலிருந்து ஒரு லாக் கார்டு உண்டு. எங்கே மாட்டினார்கள், எங்கே கழற்றினார்கள், அப்போது எத்தனை மணி நேரம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு கிரிப்பில் ஒன்றின் கார்டு 1,862.4 மணி நேரத்தில் நின்றது. அடுத்த கார்டு மூன்று வருடம் கழித்து வேறொரு நாட்டில் தொடங்குகிறது, அதே 1,862.4இல். மூன்று வருடம் பெட்டியில் தூங்கியிருந்தால் சரிதான். கழற்றி வைத்ததற்கு ஒரு பதிவு இருக்கும். இங்கே கழற்றிய பதிவே இல்லை. ஹெலிகாப்டரின் லாக்புக்கோ அந்த மூன்று வருடத்தில் நானூறு மணி நேரத்துக்கு மேல் பறந்ததாகச் சொல்கிறது. வேறு கிரிப் மாட்டியதாகவும் எங்கும் இல்லை.

விற்பவரிடம் கேட்டோம். எழுத்துப் பிழையாக இருக்கலாம் என்றார். பழைய நிறுவனம் மூடிவிட்டதாம், யாரையும் கேட்க முடியாதாம்.

சரி, ஒரு கிரிப்தானே, கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம். முழு ஹெலிகாப்டரும் குப்பை என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த இரண்டாவது கார்டைத் தொடங்கியவரின் முத்திரை வேறு நான்கு கார்டுகளிலும் இருந்தது. அந்த நான்கும் கூட்டல் கழித்தல் சரியாக, பழுதில்லாமல், அழகான கையெழுத்தில் இருந்தன. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். ஒரு கார்டில் நானூறு மணி நேரத்தை விழுங்கியவர் மற்றதில் விழுங்கவில்லை என்று நான் எதை வைத்து எழுதுவது?

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். பசியாறச் சொன்னேன், வேண்டாம் என்றான். கார்டுகளை விரித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான். "அக்கா, அதுக்கப்புறம் ஏழு வருஷமா அதே கிரிப்போடதான் பறக்குது. விழலையே."

"விழலதான்."

"அப்புறம் என்னக்கா? நான்தானே ஓட்டப் போறேன். எனக்கே பயமில்ல."

நான் அவனுக்கு துரோய் பற்றிச் சொன்னேன். 2016 ஏப்ரல் 29, நார்வே. எண்ணெய்த் தளத்திலிருந்து 13 பேரோடு பெர்கன் நோக்கி வந்த சூப்பர் பூமா. கரைக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில், பிரதான ரோட்டர் மொத்தமாகப் பிய்ந்துபோனது. 13 பேரும் இறந்தார்கள். கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் உலோகச் சோர்வால் விரிசல் விட்டிருந்தது. அது அதன் ஆயுள் வரம்பை எட்டவே இல்லை. அந்த கியர்பாக்ஸ் அதற்கு முந்தைய வருடம் ஆஸ்திரேலியாவில் லாரியில் போகும்போது விபத்தில் சிக்கி, சோதிக்கப்பட்டு, பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. விபத்துக்கும் விரிசலுக்கும் தொடர்பு உண்டா என்று விசாரணையாளர்களால் உறுதியாக நிறுவ முடியவில்லை. காகிதம் முழுதாக இருந்தும், இருப்பு இருந்தும் அப்படி நடந்தது. "இங்க காகிதமே பொய் சொல்லுது தம்பி" என்றேன்.

"எல்லாத்துலயும் ரிஸ்க் இருக்குக்கா. இருக்கறதுலாம் ரிஸ்க்குன்னா யாரும் பறக்கவே முடியாது."

அவன் சொன்னது தவறில்லை. ஆயுள் வரம்பு என்பதே ரிஸ்க்கை எண்ணாக மாற்றி ஏற்றுக்கொள்வதுதான். 4,999ஆவது மணி நேரத்தில் நல்லதாக இருக்கும் பிளேடு 5,001இல் கெட்டுப்போய்விடுவதில்லை. ஆனால் அந்த எண் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த ரிஸ்க்கில் எவ்வளவு ஏற்கலாம் என்று உட்கார்ந்து பேச முடியும். இங்கே பேசுவதற்கு எண்ணே இல்லை. இதை அவனிடம் சரியாகச் சொன்னேனா என்று நினைவில்லை. அவன் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறிக்கையை நாலு பக்கத்தில் எழுதினேன். டத்தோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே வார்த்தைல சொல்லும்மா, வாங்கலாமா வேணாமா?" என்றார்.

"டத்தோ, அத நான் எழுத மாட்டேன். எது எது எவ்வளவு மிச்சம்னு மட்டும்தான் எழுதுவேன்."

"இந்த அஞ்சுக்கு மட்டும் கோடு போட்டு வெச்சிருக்கியே?"

"அதுக்கு மிச்சம் எழுத முடியல."

"சுழின்னு போட வேண்டியதுதானே?"

சுழி என்றாலும் அது ஓர் எண். முடிந்துவிட்டது என்று தெரிந்த பாகத்துக்குத்தான் சுழி போட முடியும். தெரியாததற்குக் கோடுதான். விலைக் கணக்கில் மட்டும் இரண்டும் ஒன்று, அந்த ஐந்து பாகத்தையும் புதிதாக வாங்க வேண்டும். வாங்கிப் போட்டு, சக்கரத்தையும் மாற்றினால் அந்த மலிவு ஹெலிகாப்டர், நல்ல பதிவேடுகளோடு சந்தையில் நிற்கும் இன்னொன்றைவிட அதிகமாக வந்தது. டத்தோ கால்குலேட்டரில் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு அறிக்கையை மடித்து டிராயரில் வைத்தார். நல்ல பதிவேடு உள்ளதை வாங்குவார் என்று நானும் தம்பியும் எதிர்பார்த்தோம். அவர் எக்ஸ்கவேட்டர் வாங்கினார்.

அதன் பிறகு தம்பி எட்டு மாதம் என்னிடம் பேசவில்லை. இப்போது ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். வருடா வருடம் காசு சேர்த்து லைசென்ஸைச் செத்துப்போகாமல் வைத்திருக்கிறான். அதற்கும் மெடிக்கல், செக் ஃப்ளைட் என்று தேதி உண்டு. பறக்காமல் இருந்தாலும் அது பாட்டுக்குக் கழியும். வீட்டு அடகு இன்னும் முடியவில்லை. சித்தி இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் தவறாமல் வரும்.

போன தீபாவளிக்குச் சித்தியே முறுக்கு டின்னோடு வந்தார். பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, சமையலறையில் நான் தனியாக இருந்தபோது கேட்டார்.

"அந்த ஹெலிகாப்டரு இப்ப எங்க இருக்கு? யாராச்சும் வாங்கிட்டாங்களா?"

எனக்குத் தெரியும். பதிவு எண் மாறினாலும் சீரியல் நம்பர் மாறாது. சில நாடுகள் தங்கள் விமானப் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன. நான் அவ்வப்போது தேடிப் பார்ப்பேன்.

"வாங்கிட்டாங்க சித்தி. வேற நாட்டுல."

"ஓடுதா?"

"பறந்துகிட்டுதான் இருக்கு."

சித்தி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டின் மூடியை அழுத்தி மூடினார். அடுத்த மாதம் தம்பிக்கு மெடிக்கல் வருகிறதாம், கண் டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்டார்.